வலது ஓரத்து ஏழு

"இது மூணால வகுபடுமே, ஐயா" என்று அந்தப் பேராசிரியை சொன்னபோது அவர் முகத்தில் கேலி இல்லை. இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். கேலி பேசுகிறவர்களை வாசலுக்கு அனுப்பிப் பழக்கப்பட்டவன் நான். அவரோ பல்லைப் பிடுங்கத்தான் வேண்டும் என்று சொல்கிற மருத்துவர் மாதிரி வருத்தத்தோடு சொன்னார்.

எங்கள் பட்டறையில் பித்தளை இலக்கங்கள் வார்க்கிறோம். கதவு எண்கள். விடுதி, மருத்துவமனை, அடுக்குமாடி, நீதிமன்றம் என்று இந்த ஊரில் எண் போட்ட கதவுகளில் பாதிக்கு மேல் எங்கள் பித்தளைதான். என் தகப்பனார் தொடங்கியது. பட்டறையின் முகப்புச் சுவரில் ஒரு சாண் உயரத்தில் இருபத்திரண்டு இலக்கங்கள் வரிசையாக மாட்டியிருக்கும்: 5768631264621656762913.

கல்லூரியில் கணிதத் துறைக்குப் புதுக் கட்டடம் கட்டினார்கள். நாற்பது கதவுகளுக்கு எண்கள் எங்களிடம் சொல்லியிருந்தார்கள். கூடவே, நுழைவுக் கூடத்தில் எங்கள் சுவர் எண்ணையே அதே அளவில் வார்த்து மாட்டி, கீழே எங்கள் குடும்பப் பெயரைப் பொறிப்பது என்றும் பேச்சு. யோசனை என்னுடையது. எண்ணைக் கைப்பட எழுதி, 'எதனாலும் வகுபடாத பகா எண்' என்று இரண்டு முறை அடிக்கோடிட்டு அனுப்பியவனும் நான்தான். அதைச் சரிபார்க்கத்தான் பேராசிரியை வந்திருந்தார்.

"எதால வகுபடும்?" என்றேன், காதில் விழாதவன் போல.

"மூணால. இலக்கங்களைக் கூட்டினா நூத்தி ரெண்டு வருது. நூத்தி ரெண்டு மூணால வகுபடும். அப்போ முழு எண்ணும் வகுபடும். பள்ளிக்கூடத்துல சொல்லித் தர்றதுதானே."

"இது எங்கப்பா மாட்டின எண்."

"நான் அப்பாவைக் குறை சொல்லல..."

"அப்போ என்னைச் சொல்றீங்களா?"

உள்ளே மெருகுச் சக்கரம் நின்றது. முப்பது வருடமாக எங்களிடம் அராவுகிறவனுக்கு 'அரம்' என்றே பெயராகிவிட்டது. அவன் சக்கரத்தை நிறுத்தினால் பட்டறை முழுக்கக் காதைத் தீட்டிக்கொள்கிறது என்று பொருள்.

"நாப்பது கதவுக்கும் வேற இடம் பாருங்க. எங்க எண்ணை வகுக்கறவங்களுக்கு நாங்க எண் வார்க்கறதில்ல."

அவர் கோபப்படவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "திங்கட்கிழமைக்குள்ள சரியான எண்ணைக் குடுத்தீங்கன்னா கூடத்துல மாட்டிடலாம் ஐயா. இல்லேன்னா அந்த இடத்துல கடிகாரம் வச்சிடலாம்னு முதல்வர் சொல்றார்."

கடிகாரம்! எங்கள் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், எட்டு மணியா ஒன்பது மணியா என்று காட்டுகிற ஒரு பிளாஸ்டிக் தட்டு.

அந்த எண்ணின் கதையைச் சொல்லிவிடுகிறேன். என் தகப்பனார் வாழ்நாள் முழுக்க இலக்கங்களை வார்த்தவர். அவற்றின் உருவம்தான் அவருக்குத் தெரியுமே தவிர உள்ளடக்கம் தெரியாது. வயதான பிறகு ஒரு கணித இதழில் ஓர் எண்ணைப் படித்தார். இருபத்து நான்கு இலக்கம்: 357686312646216567629137. ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் வகுபடாத பகா எண். அது மட்டுமென்றால் அவர் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போயிருப்பார். ஆனால் இதன் இடது ஓரத்து இலக்கத்தை எடுத்துவிட்டால் மீதியும் பகா எண். அதன் இடது ஓரத்தை எடுத்தால் அதுவும் பகா எண். இப்படித் தலையைச் சீவிக்கொண்டே போனால், கடைசியில் 137, 37, பிறகு ஒற்றை 7 நிற்கும்வரை, நடுவில் ஒன்றுகூட வகுபடாது. பூஜ்யம் கலவாத எண்களில் இந்தக் குணமுள்ளதில் இதைவிடப் பெரியது இல்லையாம்.

அவர் அந்தப் பக்கத்தை வெட்டி வைத்துக்கொண்டு, இருபத்து நான்கையும் தன் கையாலேயே வார்த்து, தன் கையாலேயே அராவி, சுவரில் மாட்டினார். எங்களைக் கூப்பிட்டு நிறுத்தி, "முதல்ல நிக்கற இந்த மூணு நான். நான் போனா அதைக் கழட்டிடுங்க. மிச்சம் அப்படியே நிக்கும். எவனாலயும் பங்கு போட முடியாது" என்றார். அவர் போன மறுநாள் நான் ஏணியில் ஏறி மூன்றைக் கழற்றினேன். அது என் அலமாரியில், அவர் கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதன் பிறகு முதலில் நிற்கிற ஐந்து நான்.

இருபத்து நான்கில் ஒன்று போனால் இருபத்து மூன்று. சுவரில் இருந்ததோ இருபத்திரண்டு. இன்னொன்று எங்கே என்று நீங்கள் கேட்பீர்கள். பேராசிரியை கேட்கவில்லை. என் வீட்டிலும் பதினொரு வருடமாக யாரும் கேட்கவில்லை.

என் தம்பியின் கதை அது.

எங்கள் பட்டறையில் ஆறுக்கும் ஒன்பதுக்கும் தனித்தனி அச்சு. ஆறின் தலை உள்ளே வளையும்; ஒன்பதின் கால் நேராக இறங்கும். மற்றவர்கள் ஒரே அச்சில் இரண்டையும் முடித்துவிடுவார்கள். என் தகப்பனார் ஒத்துக்கொண்டதில்லை. மேல் திருகு கழன்றால் ஆறு தலைகுப்புறத் தொங்கி ஒன்பதாகிவிடும். விடுதி என்றால் அடுத்தவன் அறைக்குப் போய் அசட்டுச் சிரிப்புச் சிரித்துவிட்டுத் திரும்பலாம். மருத்துவமனையில் அப்படியா? உருவம் வேறாக இருந்தால், தொங்குவது ஆறுதான் என்று தூரத்திலிருந்தே தெரிந்துவிடும்.

ஒரு மருத்துவமனைக்கு நானூறு கதவு எண்கள். நான் அந்த வாரம் காய்ச்சலில் கிடந்தேன். ஒன்பது பற்றாக்குறையாகிவிட்டது. தம்பி, மிச்சமிருந்த ஆறுகளைத் தலைகீழாகத் துளை போட்டு அனுப்பிவிட்டான்.

"எத்தனை?" என்றேன், எழுந்து வந்த அன்று.

"முப்பத்தெட்டு."

"முப்பத்தெட்டு ஆறைக் கவுத்துப் போட்டு ஒன்பதுன்னு அனுப்பியிருக்கே."

"யாருக்குத் தெரியப் போகுது அண்ணே? நோயாளி உள்ள போய்ப் படுக்கப் போறான். கதவை ஸ்கேல் வச்சு அளந்து பார்த்துட்டா படுப்பான்?"

பட்டறை சிரித்தது. அரம் சிரித்தான், அச்சு இடிக்கிறவர்கள் சிரித்தார்கள். என் தகப்பனார் மாட்டிய எண்ணுக்குக் கீழே நின்று, அவர் சோறு போட்ட பதினொரு பேரும் சிரித்தார்கள். நான் ஏணியை எடுத்து வந்து போட்டேன். வலது ஓரத்து ஏழைத் திருகு திருகாகக் கழற்றினேன். முதல் இலக்கம் மூத்தவன் என்றால் கடைசி இலக்கம் இளையவன்தானே. அதைக் கீழே அவன் காலடியில் போட்டேன்.

"இந்தச் சுவத்துல உனக்கு இடமில்ல. இது மறுபடி ஏறணும்னா நானே என் கையால ஏத்தணும். அது நடக்காது. போ!"

அவன் ஏழைக் குனிந்து எடுத்தான். சுவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். உதடு அசைந்தது. சாபம் கொடுக்கிறான் என்று நினைத்தேன்.

"சரி அண்ணே. இனிமே எவனாலயும் பங்கு போட முடியாது, இல்ல?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

அந்த முப்பத்தெட்டையும் நானே மருத்துவமனைக்குப் போய் மாற்றினேன். மூன்று நாள் ஆயிற்று. யாரும் கேட்கவில்லை, யாரும் கவனிக்கவும் இல்லை. அதற்காக மாற்றாமல் இருக்க முடியுமா?

பேராசிரியை போனதும் ஏணி போடாமல் தெருவில் நின்றே கூட்டினேன். என் வாழ்நாளில் அந்த எண்ணை நான் கூட்டிப் பார்த்ததில்லை. பெற்ற தாயிடம் அடையாள அட்டை கேட்கிற காரியம் அது. இடமிருந்து வலம் நூற்றிரண்டு. வலமிருந்து இடம் நூற்றிரண்டு. காகிதத்தில் எழுதி மூன்றால் வகுத்தேன். ஒரு மீதியும் இல்லாமல், வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கிக்கொண்டே போனது: 1922877088207218920971. கடைசி இலக்கத்திலாவது ஒன்று மிஞ்சாதா என்று பார்த்தேன். மிஞ்சவில்லை.

ஒரு மணி நேரம் என் தகப்பனார் ஏமாந்தவர் என்று நம்பினேன். எவனோ இதழில் எழுதிய புளுகை நம்பி, அதன் கீழே தன் பிள்ளைகளை நிறுத்திய அப்பாவி என்று நம்பினேன். அந்த ஒரு மணி நேரத்துக்காக என் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

பிறகு அலமாரியைத் திறந்து அவர் வெட்டி வைத்த பக்கத்தை எடுத்தேன். இருபத்து நான்கையும் கூட்டினேன். நூற்றுப் பன்னிரண்டு. மூன்றைக் கழித்தால் நூற்றொன்பது. நூற்றொன்பதை மூன்று தொடாது, ஒன்று மிஞ்சும். சுவரில் இருப்பது நூற்றிரண்டு. நடுவில் இடித்தது ஏழு.

அவர் தலையை எடுக்கச் சொன்னார். நான் வாலை எடுத்திருக்கிறேன். இதழில் எழுதியவன் தப்பு செய்யவில்லை, தகப்பனார் தப்பு செய்யவில்லை. வகுபடாத எண்ணை வகுபட வைத்தவன், குடும்ப மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று ஏணியில் ஏறிய நான்.

மருமகள் உள்ளே வந்தாள். மகன் கப்பலில் வேலை பார்க்கிறான். வார்ப்பு, அச்சு, ஆள் எல்லாம் அவள் பார்வையில்தான். மேசையில் இருந்த கணக்கைப் பார்த்தாள், ஆச்சரியப்படவில்லை.

"உனக்குத் தெரியுமா?"

"கல்யாணமாகி வந்த வருஷமே தெரியும் மாமா."

"ஏன் சொல்லல?"

"வந்த முதல் வாரம் அந்த எண்ணுல தூசி தட்டலாம்னு நாற்காலி போட்டேன். அதுக்கே என்ன பேச்சுப் பேசினீங்க! இதை வேற சொல்லிட்டு நான் எங்க போறது?"

"வேற யாருக்குத் தெரியும்?"

கதவோரம் நின்ற அரம் தொண்டையைச் செருமினான். "பட்டறை பூரா தெரியும் முதலாளி. எதிர்த்த டீக்கடைக்காரருக்கும் தெரியும். அவர் மூணு பேருக்கு டீயைப் பங்கு வைக்கறப்பல்லாம் நம்ம சுவத்தைப் பார்த்துச் சிரிப்பார்."

பதினொரு வருடம். நான் தினமும் காலையில் அந்தச் சுவருக்கு முன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றிருக்கிறேன். வந்த வாடிக்கையாளர்களை நிறுத்திவைத்து விளக்கியிருக்கிறேன். எதிரே ஒருவன் டீயை ஆற்றிக்கொண்டு சிரித்திருக்கிறான்.

"கத்தாதீங்க மாமா, ரத்த அழுத்தம் ஏறும்" என்றாள் மருமகள். "ஏழோட அச்சு இருக்கு. அரை மணி நேரத்துல வார்த்துடலாம். காலைல மாட்டிட்டாப் போச்சு. புதுசுன்னு யாருக்குத் தெரியப் போ..."

பாதியில் நிறுத்திக்கொண்டாள். ஆனாலும் அந்த வாக்கியம் அறையில் வந்து உட்கார்ந்துவிட்டது. எந்த வார்த்தைக்காகக் கூடப் பிறந்தவனைத் துரத்தினேனோ அதே வார்த்தை. புது ஏழைத் திருட்டுத்தனமாக ஏற்றினால், கவிழ்த்த முப்பத்தெட்டு ஆறுகளைவிட அது எந்த விதத்தில் உசத்தி?

"அவன் வீடு எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

மறுநாள் போனேன். ஒரு சலவைக் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. என் முழங்காலுக்கென்றே கட்டியது போன்ற படிகள். தம்பி கதவு எண்களை ஸ்டிக்கராக வெட்டி விற்கிறான். அறை முழுக்க ஒட்டுத் தாள். ஒரு இயந்திரம் கறகறவென்று எட்டு எட்டாக வெட்டிக்கொண்டிருந்தது. தலை நரைத்துவிட்டிருந்தான். அதற்கும் எனக்குக் கோபம் வந்தது. என்னைக் கேட்காமல் அவன் எப்படி நரைக்கலாம்?

"வாங்கண்ணே. உட்காருங்க."

"உட்கார வரல. அந்த ஏழு எங்க?"

கதவுக்குப் பின்னால் கையைக் காட்டினான். ஏழு சுவரில்தான் இருந்தது. அதன் கழுத்தில் ஒரு மழைக் கோட்டு தொங்கி, தரையெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்பா கையால அராவினதுல ஈரக் கோட்டை மாட்டி வச்சிருக்கே!"

"ஏழு நல்ல கொக்கிண்ணே. நாலுல மாட்டிப் பார்த்தேன், நிக்கல."

"உனக்கு வெட்கமே கிடையாதா?"

"எவ்வளவு வந்துச்சு?"

"என்னது?"

"கூட்டினீங்கல்ல? கூட்டாம வந்திருக்க மாட்டீங்க."

நான் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "நூத்தி ரெண்டு."

"எனக்கும் அதான் வந்துச்சு. உங்க ஏணிக்குக் கீழ நின்னே கூட்டிட்டேன்."

அந்த உதட்டசைவு! சாபம் என்று பதினொரு வருடமாக நான் நினைத்திருந்தது கூட்டல்.

"அப்பவே வாயைத் திறந்து சொல்றதுக்கு என்னடா? ஊரே சிரிச்சிருக்கு!"

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க? இறங்கி வந்து என்னைக் கட்டிப் பிடிச்சிருப்பீங்களா? கூட்டுத்தொகை சரியா வர்ற வரைக்கும் இன்னும் நாலு பேரைக் கழட்டியிருப்பீங்க."

அவன் சொன்னதைத்தான் நான் செய்திருப்பேன்.

மழைக் கோட்டை எடுத்து நாற்காலியில் போட்டான். ஒரு திருப்புளியால் ஏழைக் கழற்றி, சட்டை முனையால் துடைத்து, என் கையில் வைத்தான். "கொண்டு போங்க. நான் தடுக்கல."

கனமாக இருந்தது. விளிம்பில் தகப்பனாரின் அரம் போன தடம் விரலில் பட்டது. கொண்டு போயிருக்கலாம். வந்த வேலை முடிந்தது. ஆனால் இதை நான் தனியாக ஏற்றினால் அதுவும் பாதிப் பொய்தான். 'நீயும் வா' என்று சொல்ல வேண்டும். இரண்டே வார்த்தை. வாயில் வந்ததோ வேறு.

"ஏணியை யார் பிடிக்கறது? உன் பாட்டனா வந்து பிடிப்பான்?"

"என் பாட்டன் உங்களுக்கும் பாட்டன்தாண்ணே" என்றான். பிறகு ஒட்டுத் தாளைச் சுருட்டி வைத்தான். "வர்றேன். ஆனா திருட்டுத்தனமா இல்ல. எல்லாரும் இருக்கறப்ப. அன்னைக்கு எப்படிக் கத்தினீங்களோ, அதே சத்தம் இருக்கணும்."

திங்கட்கிழமை காலை பட்டறையை நிறுத்தச் சொன்னேன். பதினொரு பேரும் தெருவுக்கு வந்தார்கள். டீக்கடைக்காரர் கையில் குவளையோடு கடை வாசலில் நின்றார். இன்றைக்கு அவர் சிரிக்கட்டும் பார்க்கலாம் என்று நினைத்தேன். மருமகள் பேராசிரியைக்கும் சொல்லியனுப்பியிருந்தாள், என்னைக் கேட்கவில்லை.

நானே ஏணியில் ஏறினேன். "மாமா, எழுபத்தோரு வயசு" என்றாள் மருமகள். "எண்ணை எனக்குச் சொல்லித் தராதே" என்றேன். தம்பி கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டான். பழைய துளைகள் அப்படியே இருந்தன. மூன்றுக்குப் பக்கத்தில் ஏழை வைத்து முதல் திருகை முடுக்கினேன்.

"இடது பக்கம் சாயுதுண்ணே."

"சாயல."

"கீழயிருந்து பார்க்கறவனுக்குத்தானே தெரியும்."

"முப்பது வருஷமா இதைத்தான் செய்யறேன், எனக்குத் தெரியும்!" என்றேன். சாய்ந்துதான் இருந்தது. நிமிர்த்தினேன். கடைசித் திருகு ஏறியதும் அவன் குரல் தணிந்தது.

"அண்ணே. சத்தம்."

திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் அண்ணாந்து நின்றார்கள். அரம் தலையைச் சொறிந்தான். என் காது மடல் கொதித்தது. ஒரு மன்னிப்பை எதிர்பார்த்து நிற்கிறார்கள் என்று தெரிந்தது. அப்படிப்பட்ட வார்த்தைகள் எங்கள் வீட்டில் புழக்கத்தில் இல்லை. என்னிடம் இருந்தது ஒன்றுதான். அதை அன்றைய சத்தத்தில், தெருமுனைவரை கேட்கிற மாதிரி கத்தினேன்.

"நூத்தி ஒன்பது! எல்லாரும் கூட்டிப் பார்த்துக்கங்க! கழட்டினது என் தப்பு. நூத்தி ஒன்பது!"

பேராசிரியை விரலை மடக்கி மடக்கிக் கூட்டுவதைப் பார்த்தேன். சரிபார்க்கிறார். முன்பு கோபம் வந்தது போல இப்போது வரவில்லை. அவர் தலையை ஆட்டினார். டீக்கடைக்காரர் குவளையைக் கீழே வைத்தார், அவரும் கூட்டிக்கொண்டிருந்தார்.

"கடிகாரம் வேண்டாம்னு சொல்லிடறேன் ஐயா" என்றார் பேராசிரியை.

"நாப்பது கதவையும் சேர்த்துச் சொல்லுங்க" என்றேன். "ஆறுக்குத் தனி அச்சு, ஒன்பதுக்குத் தனி அச்சு."

கீழே ஏணி லேசாகக் குலுங்கியது. தம்பி சிரிக்கிறான் என்று தெரிந்தது.

"இப்பவும் சொல்றேண்ணே. ஆறைக் கவுத்தா ஒன்பதுதான்."

"வாயை மூடிட்டு ஏணியை ஒழுங்காப் பிடிடா!" என்று கத்தினேன்.